நமக்கென்று நாலு பேர்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வாரம் ஒரு முறை கூடிப் பேசும் சிறிய குழு ஒன்றை நடத்திவருகிறேன். புது இடத்துக்கு மாறி வந்தவர்கள், பணி ஓய்வு பெற்றவர்கள், துணையை இழந்தவர்கள், படிப்புக்காக வீட்டை விட்டு வந்தவர்கள் என்று பலரும் வருகிறார்கள். ஆட்கள் மாறினாலும், நமக்கென்று நாலு பேர் வேண்டும் என்ற ஏக்கத்தைப் பற்றிய கேள்விகள் மாறுவதில்லை. அவற்றைக் கேட்டவர்களின் வார்த்தையிலேயே இங்கே தொகுத்திருக்கிறேன். படித்துத் தெரிந்துகொண்டதும் குழுவில் கண்டதும் பதில்களில் கலந்திருக்கும்.

1. இந்த ஏக்கம் எல்லாருக்கும் இருக்கா, இல்ல மனசு பலவீனமானவங்களுக்கு மட்டும்தானா?

எல்லாருக்கும் இருக்கிறது. அளவு மட்டும் ஆளுக்கு ஆள் மாறும். ராய் பாமைஸ்டர், மார்க் லியரி என்ற இரு உளவியலாளர்கள், அதுவரை வந்திருந்த ஆய்வுகளை அலசி 1995-இல் ஒரு நீண்ட கட்டுரை எழுதினார்கள். பிறரோடு சேர்ந்திருப்பதை மனிதனின் அடிப்படைத் தேவைகளில் ஒன்றாகவே அவர்கள் வைத்தார்கள். அதற்கு இரண்டு விஷயங்கள் வேண்டும் என்றார்கள்: மனக்கசப்பில்லாமல் அடிக்கடி சந்திக்க வேண்டும், அந்த உறவு நீடிக்கும், நம் நலனில் அவர்களுக்கு அக்கறை உண்டு என்ற உறுதியும் வேண்டும். ஒன்று இருந்து இன்னொன்று இல்லாவிட்டால் ஏக்கம் தீராது. இந்த இரண்டையும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், கீழே பல பதில்களில் வரும்.

பலவீனம் என்ற பேச்சுக்கே இங்கு இடமில்லை. அமெரிக்காவில் ஹாரி ஹார்லோ 1950-களில் குரங்குக் குட்டிகளைத் தாயிடமிருந்து பிரித்து, இரண்டு பொம்மைத் தாய்களோடு விட்டார். ஒன்று வெறும் கம்பியால் ஆனது, இன்னொன்றுக்கு மெத்தென்று துணி சுற்றியிருந்தது. பால் கம்பித் தாயிடம்தான் கிடைக்கும் என்று வைத்தபோதுகூட, குட்டிகள் பாலைக் குடித்துவிட்டு வந்து நாளின் பெரும்பகுதியைத் துணித் தாயைக் கட்டிக்கொண்டே கழித்தன. வயிறு நிறைந்தால் மட்டும் போதும் என்று அந்தக் குட்டிகளே இருக்கவில்லை. அந்தச் சோதனையின் கொடுமையை நினைத்தால் எனக்கு இன்றும் மனம் கனக்கிறது.

2. தனியா இருக்கறவங்க எல்லாரும் தனிமையில வாடறவங்கதானா?

இல்லை. ஒரு நாள் முழுக்க யாரோடும் பேசாமல், தன் வேலையைப் பார்த்துக்கொண்டு நிம்மதியாக இருப்பவர்கள் உண்டு. நாமே விரும்பி எடுத்துக்கொள்ளும் தனிமை ஓய்வு தரும். நமக்கு வேண்டிய அளவு உறவுக்கும் கையில் இருக்கும் உறவுக்கும் இடைவெளி விழும்போதுதான் வலி வருகிறது. ஆகவே தலை எண்ணிப் பார்த்து யாரையும் ‘பாவம்’ என்று முடிவு கட்ட வேண்டாம்.

3. வீடு நிறைய ஆள் இருக்காங்க, ஆபீஸ்லயும் கலகலன்னுதான் இருக்கு. அப்புறம் ஏன் எனக்குன்னு யாருமே இல்லாத மாதிரி இருக்கு?

இப்படிக் கேட்பவர்களில் பாதிப் பேர் குற்ற உணர்வோடு கேட்கிறார்கள். ‘எல்லாம் இருந்தும் குறைப்படுகிறேனே’ என்று தங்களையே திட்டிக்கொள்கிறார்கள். திட்டிக்கொள்ள வேண்டியதில்லை. சமூகவியலாளர் ராபர்ட் வைஸ் 1973-லேயே இதைப் பிரித்துக் காட்டிவிட்டார். மனதுக்கு மிக நெருக்கமான ஒருவர் இல்லாததால் வரும் தனிமை ஒரு வகை. கூடிச் சிரிக்க, சேர்ந்து ஒரு வேலையைச் செய்ய ஒரு கூட்டம் இல்லாததால் வரும் தனிமை இன்னொரு வகை. ஒன்றுக்கான மருந்து இன்னொன்றைத் தீர்க்காது. அன்பான துணை இருந்தும் நண்பர் வட்டம் இல்லாதவர் தவிப்பார்; நண்பர் பட்டாளம் இருந்தும் நள்ளிரவில் அழைக்க ஒருவர் இல்லாதவரும் தவிப்பார்.

மூன்றாவதாக ஒன்றையும் குழுவில் பார்க்கிறேன். சுற்றி ஆட்கள் இருப்பார்கள், ஆனால் பேச்செல்லாம் காரியமாகவே இருக்கும். பில் கட்டியாச்சா, சாவி எங்கே, நாளைக்கு யார் போவது. நாள் முழுக்க இப்படியே ஓடும், ‘உனக்கு எப்படி இருக்கு’ என்ற ஒரு கேள்வி மட்டும் வராது. இதற்கு வெளியில் ஆள் தேட வேண்டாம். இருக்கிறவர்களில் ஒருவரிடம், காரியம் இல்லாத பத்து நிமிடத்தைத் தினமும் நீங்களே ஆரம்பித்துப் பாருங்கள்.

4. எத்தனை பேர் இருந்தா போதும்?

குறைவாகவே போதும். பிரிட்டிஷ் மானுடவியலாளர் ராபின் டன்பர், மனித உறவுகள் அடுக்கடுக்காக இருப்பதாகச் சொல்கிறார்: மிக நெருக்கமாக 5 பேர், நல்ல நண்பர்கள் 15, அடுத்து 50, பழக்கம் உள்ளவர்கள் 150 அளவில். இந்த 150 என்ற எண்ணை ஏற்காத ஆய்வாளர்களும் இருக்கிறார்கள். எண்ணை விடுங்கள், உள்வட்டம் சிறியது என்பது நம் அனுபவத்துக்கே தெரியும். பாமைஸ்டரும் லியரியும்கூட, சில நல்ல உறவுகள் அமைந்துவிட்டால் அதற்கு மேல் சேரும் ஒவ்வொன்றும் தரும் நிறைவு குறைந்துகொண்டே போகும் என்றார்கள். ஒருவர்கூட இல்லாத நிலையிலிருந்து ஒருவர் என்ற நிலைக்கு வருவதுதான் பெரிய மாற்றம்.

5. எனக்குப் பழகத் தெரியாது. பேசிட்டு வந்தா, ‘ஐயோ அசடு மாதிரி பேசிட்டோமே’ன்னுதான் தோணும்.

எதிரில் இருந்தவருக்கும் பெரும்பாலும் அதே நினைப்புதான் ஓடியிருக்கும். எரிக்கா பூத்பியும் சக ஆய்வாளர்களும் 2018-இல் வெளியிட்ட ஆய்வில், முன்பின் தெரியாதவர்களைப் பேசவைத்துவிட்டு இரு தரப்பிடமும் தனித்தனியாகக் கேட்டார்கள். மற்றவருக்குத் தன்னை எவ்வளவு பிடித்திருக்கும் என்று ஒவ்வொருவரும் நினைத்தாரோ, உண்மையில் அதை விடக் கூடுதலாகவே பிடித்திருந்தது. விடுதியில் சேர்ந்து தங்கிய மாணவர்களிடம் இந்தத் தப்புக் கணக்கு பல மாதங்கள் நீடித்தது.

கூச்சம் உள்ளவர்களுக்கு இதனால் ஒரு நன்மை உண்டு. வீட்டுக்கு வந்தபின் மனதில் ஓடும் அந்த விசாரணையை அப்படியே நம்ப வேண்டியதில்லை. கலகலப்பாக மாறவும் வேண்டாம். அடுத்த முறை பார்க்கும்போது, போன முறை அவர் சொன்ன ஒன்றைக் கேளுங்கள்: ‘அம்மாவுக்குக் கண் ஆபரேஷன்னு சொன்னீங்களே, முடிஞ்சுதா?’ நினைவில் வைத்துக் கேட்பவரை யாரும் அசடு என்று நினைப்பதில்லை.

6. ஒரு வாட்ஸாப் குரூப்ல என்னைச் சேர்க்கல. சின்ன விஷயம்தான். ஏன் இவ்வளவு வலிக்குது?

இதைச் சின்ன விஷயமாக எடுத்துக்கொள்ளும்படி நம் மூளை அமையவில்லை. உளவியலாளர் கிப்லிங் வில்லியம்ஸ் ஒரு நாள் பூங்காவில் உட்கார்ந்திருந்தபோது, விளையாடிக்கொண்டிருந்த இருவரின் ஃப்ரிஸ்பீ தட்டு அவர் பக்கம் உருண்டு வந்தது. எடுத்து எறிந்தார். அவர்கள் திருப்பி எறிந்தார்கள், சற்று நேரம் மூவரும் விளையாடினார்கள். பிறகு சொல்லாமல் கொள்ளாமல் அந்த இருவரும் அவருக்கு எறிவதை நிறுத்திவிட்டார்கள். பெயர்கூடத் தெரியாத இரண்டு பேர், ஆனாலும் அவருக்குச் சுருக்கென்று குத்தியது. அதையே பின்னாளில் பந்து எறியும் கணினி விளையாட்டாக்கிச் சோதித்தார். 2003-இல் நேயோமி ஐசன்பெர்கரும் அவரும் மேத்யூ லீபர்மேனும் சேர்ந்து, அந்த விளையாட்டில் ஒதுக்கப்படுபவரின் மூளையைப் படம் பிடித்தார்கள். உடம்பு வலியின் வேதனையோடு தொடர்புடைய பகுதி ஒன்று அப்போது கூடுதலாக இயங்கியது. இரண்டு வலியும் முழுக்க ஒன்றே என்று இதை வைத்துச் சொல்லிவிட முடியாது. ஆனால் வலி கற்பனை அல்ல என்பதற்கு இது போதும்.

இன்னொன்றும் தெரியவந்தது. பந்தை எறியாமல் ஒதுக்குவது வெறும் கணினிதான் என்று முன்கூட்டியே சொல்லிவிட்டாலும் விளையாடுபவரின் மனம் வாடியது. ஆகவே ‘இதுக்கெல்லாமா அழறே’ என்று உங்களையே அதட்டாதீர்கள். ஒரு நாள் பொறுத்துவிட்டு, அந்தக் குழுவில் இருக்கும் ஒருவரிடம் நேராகக் கேளுங்கள். பல சமயம் விட்டுப்போனதுதான் காரணமாக இருக்கும். வேண்டுமென்றே விட்டிருந்தால் அதுவும் தெரிந்துவிடும். ஊகத்தோடு வாரக்கணக்கில் மல்லுக்கட்டுவதை விட அது மேல்.

7. தனிமையால உடம்பே கெட்டுப்போகும்னு சொல்றாங்களே, நிஜமா? பயமுறுத்தறாங்களா?

நிஜம்தான், ஆனால் பயப்படுவதற்காகச் சொல்லப்பட்டதல்ல. ஜூலியன் ஹோல்ட்-லன்ஸ்டாடும் குழுவினரும் 2010-இல் 148 ஆய்வுகளை, மூன்று லட்சத்துக்கு மேற்பட்டவர்களின் தகவல்களை, ஒன்றுசேர்த்துப் பார்த்தார்கள். வலுவான உறவுகள் உள்ளவர்கள் ஆய்வுக் காலத்தில் உயிரோடு இருப்பதற்கான வாய்ப்பு, மற்றவர்களை விடச் சுமார் 50 சதவீதம் கூடுதலாக இருந்தது. உலக சுகாதார நிறுவனம் 2025-இல் வெளியிட்ட அறிக்கை, உலகில் ஆறில் ஒருவர் தனிமையால் பாதிக்கப்படுவதாகவும், ஆண்டுக்குச் சுமார் 8,71,000 மரணங்கள் இதோடு தொடர்புடையவை என்றும் மதிப்பிடுகிறது.

ஆராய்ச்சியாளர் ஜான் கசியோப்போ தனிமையைப் பசியோடு ஒப்பிட்டார். பசி எடுப்பது நோயல்ல, சாப்பிடச் சொல்லி உடம்பு தரும் குரல். தனிமையும் அப்படித்தான், ஆட்களிடம் போ என்று மனம் தரும் குரல். கேட்காமல் ஆண்டுக்கணக்கில் விட்டால்தான் கேடு. இரண்டு வாரம் வெறுமையாக இருந்ததற்காக யாரும் ஆயுளைக் கணக்குப் போட வேண்டாம்.

8. வயசாயிடுச்சு. இனிமே புதுசா நண்பர்கள் எங்க கிடைக்கப் போறாங்க?

கிடைப்பார்கள், ஆனால் நேரம் பிடிக்கும். கான்சஸ் பல்கலைக்கழகத்தின் ஜெஃப்ரி ஹால் 2018-இல் வெளியிட்ட ஆய்வின்படி, தெரிந்தவர் ஒருவர் சாதாரண நண்பராக ஏறக்குறைய 50 மணி நேரம், நண்பர் என்று சொல்லும் அளவுக்கு 90 மணி நேரம், நெருங்கிய நண்பராக 200 மணி நேரத்துக்கு மேல் சேர்ந்து கழிக்க வேண்டியிருக்கிறது. வேலையிடத்தில் கழியும் மணி நேரத்துக்கு அவ்வளவு பலன் இல்லை. பள்ளியும் கல்லூரியும் அந்த மணி நேரத்தை நாம் கேட்காமலே தந்தன. இப்போது நாமே ஏற்பாடு செய்ய வேண்டும். நட்பு பாராட்டும் திறமை வயதோடு போய்விட்டதாக நினைக்காதீர்கள், போனது அந்த ஏற்பாடுதான்.

பக்கத்தில் இருப்பதும் பாதி வேலையைச் செய்துவிடும். அமெரிக்காவின் எம்.ஐ.டி. பல்கலைக்கழக மாணவர் குடியிருப்பில் லியோன் ஃபெஸ்டிங்கரும் சகாக்களும் செய்து 1950-இல் வெளியிட்ட ஆய்வில், அடுத்த கதவுக்காரரை நண்பர் என்று சொன்னவர்கள் 41 சதவீதம், அதே மாடியின் மறுகோடியில் இருப்பவரைச் சொன்னவர்கள் 10 சதவீதம். நடுவில் இருந்தது சில வீடுகள்தான். ஆகவே சுவாரசியமான ஆட்கள் எங்கே என்று தேடுவதை விட, ஒரே இடத்துக்கு ஒரே நேரத்தில் தவறாமல் போவது பலன் தரும். நூலகம், நடைப்பயிற்சி, பாட்டு வகுப்பு, தொண்டு வேலை என்று எதுவானாலும் சரி.

எங்கள் குழுவுக்கு ஒரு அம்மா வந்தார். கதவுக்குப் பக்கத்து நாற்காலியில், கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு, பஸ்ஸுக்குக் காத்திருப்பவர் போலவே உட்கார்ந்திருப்பார். முடிந்ததும் முதல் ஆளாகக் கிளம்பிவிடுவார். நாங்கள் எவ்வளவு இழுத்துப் பேசினாலும் இரண்டு வார்த்தைதான். அறைச் சாவியை வைத்திருந்தவர் வெளியூர் போக வேண்டி வந்ததால், அந்த அம்மாவிடம் சாவியைக் கொடுத்தோம். அப்புறம் அவர் எல்லாருக்கும் முன்னால் வந்து நாற்காலி போட ஆரம்பித்தார். யார் எங்கே உட்காருவார், யாருக்கு முதுகு சாயும் நாற்காலி வேண்டும் என்பதெல்லாம் அவருக்கு அத்துப்படி. ஒரு வாரம் காய்ச்சல் என்று வரவில்லை, நாலைந்து பேர் போன் செய்து விசாரித்தார்கள். அடுத்த வாரம் கைப்பை தரையில் இருந்தது. அன்பைக் காட்டியபோது அசையாதவர், பொறுப்பைக் கொடுத்ததும் ஒட்டிக்கொண்டார். இதைப் பலரிடம் பார்த்துவிட்டேன். ‘என்னை இவர்களுக்குப் பிடிக்கிறதா’ என்ற கேள்வியை விட ‘நான் வராவிட்டால் இவர்களுக்குத் தெரியுமா’ என்ற கேள்விதான் மனிதரை அதிகம் அரிக்கிறது.

9. வாட்ச்மேன், பஸ் கண்டக்டர், லிஃப்ட்ல பார்க்கறவங்க... இவங்ககிட்ட பேசறதெல்லாம் உறவுல சேருமா?

நெருக்கத்தில் சேராது, ஆனால் கணக்கில் சேரும். மேலோட்டமான பழக்கங்களின் வலிமையைப் பற்றி மார்க் கிரனோவெட்டர் 1973-லேயே எழுதினார். வேலை பற்றிய தகவல் பலருக்கு நெருங்கியவர்களை விட இப்படிப்பட்டவர்கள் வழியாகத்தான் வந்தது. சிகாகோவில் ரயில் பயணிகளை வைத்து நிக்கோலஸ் எப்லியும் ஜூலியானா ஷ்ரோடரும் செய்த சோதனை எனக்குப் பிடித்தது. அறிமுகமில்லாதவரோடு பேசினால் பயணம் சங்கடமாக இருக்கும் என்றுதான் ஆட்கள் எதிர்பார்த்தார்கள். பேசியவர்களுக்கோ, பேசாமல் வந்தவர்களை விடப் பயணம் இனிமையாக இருந்தது. மனம் துவண்டிருக்கும் நாட்களில், பெரிய உறவுகளைச் சரிசெய்யத் தெம்பு இல்லாதபோது, இதிலிருந்து தொடங்குவது சுலபம்.

10. எப்பவும் நானேதான் கூப்பிடறேன். அவங்களா ஒரு தடவைகூடக் கூப்பிட்டதில்ல. நிறுத்திடவா?

உடனே வேண்டாம். நீங்கள் கூப்பிடும்போது அவர் எப்படிப் பேசுகிறார் என்று பாருங்கள். மகிழ்ந்து பேசுகிறார், நேரம் ஒதுக்குகிறார், உங்கள் கஷ்டத்துக்கு வந்து நிற்கிறார் என்றால், கூப்பிடுவது அவருக்கு வராத பழக்கம், அவ்வளவுதான். எல்லா நட்பிலும் ஒருவர் கொஞ்சம் அதிகமாகத் தூக்கிச் சுமக்கிறார். பெக்கி லியூவும் சகாக்களும் 2022-இல் வெளியிட்ட ஆய்வுகளில், எதிர்பாராமல் வரும் நலவிசாரிப்பு பெறுபவருக்குத் தரும் மகிழ்ச்சியை அனுப்புபவர்கள் குறைத்தே மதிப்பிட்டார்கள். அவர் சும்மா இருப்பதற்கும் காரணம் அதுவாக இருக்கலாம்: ‘நாம கூப்பிட்டா தொந்தரவா இருக்குமோ.’

பேச்சில் அக்கறையே இல்லை, காரியம் ஆக வேண்டும்போது மட்டும் குரல் இனிக்கிறது என்றால் கதை வேறு. முதல் பதிலில் சொன்ன ‘என் நலனில் அக்கறை உண்டு’ என்ற உறுதி அங்கே இல்லை. சண்டை போடாமல் அந்த நேரத்தை வேறு ஒருவருக்குத் திருப்பிவிடுங்கள்.

11. மெசேஜ் பார்த்துட்டுப் பதில் போடலன்னாலே, என்னை ஒதுக்கறாங்கன்னு தோணுது. யாரையும் நம்ப முடியல. என்கிட்டதான் கோளாறா?

தனிமை நீண்டால் மனம் செய்யும் வேலை இது. ஒதுக்கப்பட்டுவிடுவோமோ என்று காவல் காக்கத் தொடங்கிவிடும். கசியோப்போவின் ஆய்வுகள் இதைத்தான் காட்டின: தனிமையில் இருப்பவர் பிறர் முகத்திலும் பேச்சிலும் ஆபத்தின் அடையாளத்தைச் சீக்கிரம் பிடித்துவிடுகிறார். மாலை ஆறு மணிக்கு நீல டிக் விழுகிறது. ஏழு மணிக்கு ‘பிஸியா இருப்பாங்க’. ஒன்பது மணிக்கு ‘போன வாரம் நான் சொன்னது பிடிக்கலை போல’. படுக்கும்போது ‘ஆரம்பத்துலேர்ந்தே இவங்களுக்கு என்னைப் பிடிக்காது’. மறுநாள் காலை ‘சாரி, தூங்கிட்டேன்’ என்று பதில் வரும்போது நாம் வெடுக்கென்று பேசிவிடுகிறோம், அவர் உண்மையாகவே ஒரு அடி தள்ளிப்போகிறார்.

2011-இல் கிறிஸ்டோபர் மாசியும் கசியோப்போ உள்ளிட்ட குழுவும் தனிமையைக் குறைக்கச் செய்யப்பட்ட முயற்சிகளை ஒப்பிட்டார்கள். ஆட்களைச் சேர்த்துவைப்பது, பேசப் பழக்குவது இவற்றையெல்லாம் விட, இப்படித் தானாக ஓடும் எண்ணங்களை அடையாளம் கண்டு திருத்தக் கற்பிப்பதே அதிகம் பலன் தந்தது. நீங்களே முயலலாம்: ஒன்பது மணி எண்ணத்தை ஒரு தாளில் எழுதி, அதற்கு ஆதாரம் என்ன, வேறு காரணம் என்ன இருக்க முடியும் என்று பக்கத்திலேயே எழுதுங்கள். தனியாக முடியாவிட்டால் மனநல ஆலோசகர் உதவுவார். தூக்கமும் பசியும் கெட்டு, வாழ்வதே வீண் என்ற நினைப்பு வந்தால் இந்தப் பக்கத்தைப் படித்துக்கொண்டிருக்க வேண்டாம். இன்றைக்கே ஒரு மருத்துவரிடமோ நம்பும் ஒருவரிடமோ வாய்விட்டுச் சொல்லுங்கள்.

12. ஒரு கூட்டத்துல சேர்த்துக்கிட்டாங்க. ஆனா அவங்களுக்குப் பிடிக்காதவங்களை நானும் வெறுக்கணும் போல. இது சரியா?

சரியில்லை, ஆனால் எவ்வளவு இயல்பாக நடக்கிறது என்பதைத் தெரிந்துகொள்வது நல்லது. ஹென்றி தாஜ்ஃபெல் 1970-களின் தொடக்கத்தில் பள்ளிச் சிறுவர்களை, எந்த ஓவியம் பிடித்தது என்பது போன்ற அற்பக் காரணம் சொல்லி இரண்டு குழுவாகப் பிரித்தார். யார் எந்தக் குழு என்று ஒருவருக்கொருவர் தெரியாது. அப்படியும் பரிசுப் பணத்தைப் பிரிக்கச் சொன்னபோது தங்கள் குழுவுக்கே சாதகம் செய்தார்கள். தங்கள் குழுவுக்குக் கொஞ்சம் குறைந்தாலும் பரவாயில்லை, அடுத்த குழுவை விடக் கூடுதலாக வாங்க வேண்டும் என்ற போக்கும் தெரிந்தது. ஒட்டிக்கொள்ளும் ஆசை நம்மிடம் இருக்கும் வரை, அதைப் பயன்படுத்திக்கொள்ளும் கூட்டங்களும் இருக்கும்.

நான் பார்க்கும் அடையாளம் ஒன்றுதான்: அங்கே ஒரு விஷயத்தில் ‘எனக்கு அப்படித் தோணலை’ என்று சொல்லிவிட்டு, அடுத்த வாரமும் அதே நாற்காலியில் உட்கார முடிகிறதா? முடிந்தால் அது உங்கள் இடம். வாயை மூடிக்கொண்டால்தான் இடம் என்றால், அவர்கள் சேர்த்துக்கொண்டது உங்களை அல்ல. சின்னச் சின்ன விட்டுக்கொடுத்தல் எங்கேயும் உண்டு. பழைய நட்பையும் மனசாட்சியையும் விலையாகக் கேட்டால் வெளியே வாருங்கள். வெளியே வரும் முன் இன்னொரு இடத்தில் ஒரு கால் ஊன்றிக்கொண்டால் வலி குறையும்.

13. அவர் போன பிறகு எத்தனை பேர் வந்து பேசினாலும் நிரம்பல. நான் நன்றி கெட்டவளா?

இல்லைம்மா. மூன்றாவது பதிலில் சொன்ன முதல் வகைத் தனிமை இது. அந்த இடத்தைக் கூட்டத்தால் நிரப்ப முடியாது, நிரப்ப வேண்டியதும் இல்லை. வருகிறவர்கள் அவருடைய இடத்துக்கு வருவதாக நினைக்காதீர்கள், வேறு இடத்துக்கு வருகிறார்கள். அவரைப் பற்றிப் பேசவிடும் ஒருவர் இருந்தால் அவரைப் பிடித்துக்கொள்ளுங்கள். பேச்சை மாற்றுபவர்கள் கெட்டவர்கள் அல்ல, உங்களை அழவைத்துவிடுவோமோ என்று அஞ்சுகிறார்கள். ‘அவர் பேர் சொன்னா எனக்கு நல்லாத்தான் இருக்கு’ என்று நீங்களே சொல்லிவிடுங்கள்.

14. தெரிஞ்சவர் ஒருத்தர் ரொம்ப ஒதுங்கியே இருக்கார். நான் என்ன செய்யணும்?

‘எப்ப வேணும்னாலும் கூப்பிடுங்க’ என்று சொல்லிவிட்டு வராதீர்கள். அவர் கூப்பிட மாட்டார். நாளும் நேரமும் குறித்துச் சொல்லுங்கள்: ‘வியாழக்கிழமை அஞ்சு மணிக்கு நடக்கப் போறேன், உங்க வாசல்ல வந்து கூப்பிடறேன்.’ அடிக்கடி போக முடியாவிட்டால் போன் செய்யுங்கள், எழுதி அனுப்புவதை விடக் குரல் நல்லது. அமித் குமாரும் எப்லியும் 2021-இல் வெளியிட்ட ஆய்வில், பழைய நண்பரோடு போனில் பேசுவது சங்கடமாக இருக்கும் என்று எதிர்பார்த்தவர்களுக்கு அந்தச் சங்கடம் ஏற்படவில்லை. மின்னஞ்சலை விடக் குரல் நெருக்கத்தைக் கூட்டியது.

முடிந்தால் அவரிடம் ஏதாவது உதவி கேளுங்கள். அவருக்குத் தெரிந்த, உங்களுக்கு உண்மையாகவே தேவைப்படும் உதவியாக இருக்கட்டும், பொய்யாகக் கேட்டால் கண்டுபிடித்துவிடுவார். முதல் இரண்டு முறை ‘இன்னொரு நாள் பார்க்கலாம்’ என்பார். பதினோராவது பதிலில் சொன்ன காவல் அவர் மனதிலும் ஓடிக்கொண்டிருக்கும், நீங்கள் சலித்துப் போய்விடுவீர்கள் என்றுதான் எதிர்பார்ப்பார். மூன்றாவது வியாழக்கிழமையும் அதே ஐந்து மணிக்குப் போய்க் கூப்பிடுங்கள்.